வாண்மங்கலமும் ஒரு ஜப்பானிய வாளும்

காவிரி தமிழ் மண்ணில் கால்வைத்ததும் பாறைகளைப் பிளந்துகொண்டு வீழும் இடம் ஒகேனக்கல். புகையும் கல் என்னும் பொருளில் கன்னடம் வழங்கிய பெயர் அது. உகுநீர்க்கல் என்று வழங்கித் தமிழாக்கி மகிழ்வாரும் உளர். அங்கே மணற்பாங்கான கரையில் ஆண்டுக்கொரு முறை கூடிக் கவிதை படிப்பது நம் இலக்கிய வட்டத்தின் வழக்கம். பரிசல்கள் சுழன்று வர, மீன் வறுக்கும் மணம் காற்றில் கலக்க, எண்ணெய் தேய்த்துக் குளிப்போர் பாறைகளில் அமர்ந்திருக்க, அவ்வோசைகளுக்கிடையே நாம் படித்த கவிதைகள் பல. அத்தகைய கூடல் ஒன்றில் நிகழ்ந்ததே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

நம் வட்டத்துக் கவிஞர் ஒருவர் பழைய வேட்டியில் சுற்றிய நீண்ட பொருள் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். உள்ளே இருந்தது ஒரு வாள். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனைக்குச் சென்று மீண்ட அவருடைய பாட்டனார் கொண்டுவந்தது என்றும், வீட்டுப் பரணில் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது என்றும் கூறினார். "சாமுராய் வாள், முந்நூறு ஆண்டாவது இருக்கும். பட்டறையில் கொடுத்துக் கண்ணாடிபோல் தேய்த்துப் பத்தாம் ஆண்டு விழா மேடையில் வைப்போம்" என்பது அவர் விருப்பம். பட்டறைக்காரர் ஒரு சாண் அளவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் காட்டியிருந்தார். அந்த ஒரு சாண் மட்டும் வெயிலில் பளிச்சிட்டது.

எல்லோரும் வியந்து நோக்க, மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மலாயாத் தோட்டத்துக்குப் போன அவருடைய பெரியப்பா சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாதவர். "அதைத் தேய்க்கவும் வேண்டாம், மேடையில் வைக்கவும் வேண்டாம்" என்றார் அவர். அதற்குமேல் அன்று அவர் பேசவில்லை.

ஒரே வாள் ஒருவருக்குக் குடும்பப் பெருமை, மற்றொருவருக்கு ஆறாப் புண். இருவருக்கும் மறுமொழி கூற வேண்டுமாயின் அவ்வாள் யாது என்று முதலில் அறிதல் வேண்டும். தமிழ் பயிற்றுவிக்கும் எனக்கு வாளோடு என்ன உறவு என்று கேட்கலாம். சுவடியைப் பதிப்பிக்கும் முறை அறிந்தோர்க்கு வாளைப் படிக்கும் முறையும் அயலன்று என்பதை இம்முயற்சியில் கண்டேன்.

அதியமான் நாட்டு ஆயுதங்கள்

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஒளவையார் காஞ்சித் தொண்டைமானிடம் சென்றதும், அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியதும், அதுகண்டு அவர் பாடியதும் புறநானூற்றின் 95ஆம் பாடலால் அறியப்படும். தொண்டைமானின் ஆயுதங்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலமைந்த மனையில் அழகாக இருந்தன. அதியமானுடைய ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனுடைய சிறு கொட்டிலில் கிடந்தன. புகழ்வதுபோல் பழித்தும் பழிப்பதுபோல் புகழ்ந்தும் ஒளவையார் போரைத் தவிர்க்க முயன்ற திறம் வகுப்பறைகளில் நாம் சொல்லிச் சொல்லி மகிழ்வதே. ஆயின் அப்பாடலுக்கு முன்னோர் வகுத்த துறை வாண்மங்கலம் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. வாளை வாழ்த்தும் துறையில், வாளின் பளபளப்பை ஐயுறும் பாடல் ஒன்று அமைந்துள்ளது. பளபளக்கும் ஆயுதம் தன் கதையைச் சொல்லாது. முரிந்த நுனியே சொல்லும் என்பது அப்பாடலின் உட்கிடை எனலாம்.

அதியமான் வெறும் பாட்டுடைத் தலைவன் அல்லன் என்பதை 1981இல் கண்டறியப்பட்ட சம்பைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உறுதிப்படுத்தியது. அவன் ஆண்ட நிலப்பகுதி இரும்புக்குப் பெயர்பெற்றது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. சேலம் வட்டாரத்து எஃகு பிற்காலத்தும் கடல் கடந்து புகழ் பெற்றது.

அந்த எஃகுக்கும் ஜப்பானிய வாளுக்கும் ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோக்குகாவா இயெயாசுவின் ஆதரவில் வாழ்ந்த யசுத்சுகு என்னும் வாட்கொல்லர், தாம் செய்த வாள்களில் 'நன்பன் தெத்சு' கொண்டு செய்தது என்று பொறித்தார். தெற்கிலிருந்து கப்பலில் வந்த அயல்நாட்டு இரும்பு என்பது அதன் பொருள். அக்காலத்தில் டச்சு வணிகர் சோழமண்டலக் கரையிலிருந்து இரும்பையும் எஃகையும் ஏற்றிச் சென்றனர். ஆதலின் அவ்விரும்பில் ஒரு பகுதி இந்திய எஃகாக இருத்தல் கூடும் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். நம் கவிஞர் கொண்டுவந்த வாளுக்கு இப்பெருமை உண்டா என்னும் ஆவல் எனக்கும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

வாளைப் படித்தல்

ஜப்பானிய வாளைப் பற்றி முதலில் அறியவேண்டுவது, அதன் உண்மை பிடிக்குள் மறைந்திருக்கிறது என்பதே. பிடியையும் வாளையும் இணைப்பது ஒரு சிறு மூங்கில் ஆணி. அதனை 'மெகுகி' என்பர். அதனைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வாளின் வால்பகுதி வெளிப்படும். 'நகாகோ' எனப்படும் அப்பகுதியில்தான் கொல்லர் தம் பெயரையும் காலத்தையும் பொறிப்பர். ஓலைச் சுவடியின் இறுதி ஏட்டில் எழுதியவர் தம் பெயரையும் ஆண்டையும் குறித்து வைப்பதுபோல என்று கொள்க.

ஆணியை எடுக்குமுன் வெளித்தோற்றத்தை நோக்கினோம். 1876இல் மெய்ஜி அரசு பொதுமக்கள் வாள் அணிவதைத் தடை செய்தது. படையினரும் காவலரும் போன்ற சிலரே அதன்பின் வாள் அணிந்தனர். அக்காலப் படைவாள் மேனாட்டுக் குதிரைப்படை வாள்போல விரலைக் காக்கும் வளைவு கொண்டது. 1934இல், நாட்டுப்பற்று முரசறைந்த காலத்தில், பழைய சாமுராய் வாளின் வடிவத்தையே படை அதிகாரிகளுக்கு மீண்டும் கொண்டுவந்தனர். ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் அது 2594ஆம் ஆண்டு. ஆதலின் அவ்வாள் 94ஆம் வகை எனப்பட்டது. 1935இல் அதிகாரி அல்லாத படைத்தலைவர்க்கு 95ஆம் வகையும், 1938இல் அதிகாரிகளுக்கு 98ஆம் வகையும் வந்தன.

95ஆம் வகையை இனங்காணல் எளிது. அதன் பிடி உலோகத்தில் வார்க்கப்பெற்று, நாடா சுற்றியதுபோல் வண்ணம் பூசப்பட்டிருக்கும். வாளின்மேல் தொழிற்சாலை எண் வெட்டப்பட்டிருக்கும். அதிகாரிகளின் வாளிலோ திருக்கை மீனின் சொரசொரப்பான தோலைப் போர்த்தி, அதன்மேல் உண்மை நாடாவைச் சாய்சதுர இடைவெளிகள் தோன்றச் சுற்றியிருப்பர். கைக்காப்பிலும் பிடியின் பூண்களிலும் செர்ரி மலர் பொறித்திருக்கும். பிடியில் தொங்கும் குஞ்சத்தின் நிறம் பதவியைக் காட்டும்: நீலமும் பழுப்பும் கீழ்நிலை அதிகாரிக்கு, சிவப்பும் பழுப்பும் அடுத்த நிலையினர்க்கு, பொன்னிழை கலந்தது தளபதிக்கு. நம்முன் இருந்த வாளில் குஞ்சம் இல்லை. நாடா நைந்திருந்தது, இடைவெளிகளில் திருக்கைத் தோல் தெரிந்தது. பூண்களில் செர்ரி மலர் இருந்தது. எனவே அதிகாரி ஒருவரின் படைவாள் என்பது தெளிவாயிற்று.

ஆயினும் உறையும் பிடியும் படைக்குரியவை என்பதனால் உள்ளிருக்கும் அலகும் புதியது என்று முடிவு செய்தல் ஆகாது. பரம்பரை வாளின் அலகைப் படைவாளின் பிடிக்குள் பொருத்திக்கொண்டு போருக்குப் போன அதிகாரிகள் பலர். அட்டை புதிதாயினும் ஏடு பழையதாக இருக்கலாம். ஆதலின் ஆணியை எடுத்தோம்.

நகாகோவில் இரு பக்கமும் எழுத்துகள் இருந்தன. ஒரு பக்கம் கொல்லர் பெயர், மறுபக்கம் ஆண்டு. ஷோவா என்னும் இரு எழுத்துகளும், கூட்டற்குறி போன்ற பத்தும், அதன்கீழ் ஏழும் நன்கு தெரிந்தன. ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டுக் கணக்கு வரும். எனவே 1942. பெயருக்கு மேலே சிறு முத்திரை ஒன்றும் இருந்தது. செகி என்னும் வாட்கொல்லர் நகரின் முத்திரை அது. மரபு முறையில் அன்றி ஆலை எஃகைக் கொண்டு செய்யப்பட்ட வாள்களில் இத்தகைய முத்திரை 1930களின் இறுதி முதல் இடப்பட்டது. மரபு வாள் ஆற்றுமணல் இரும்பிலிருந்து உருக்கிய எஃகை மடித்து மடித்து அடித்து, வாய்ப்பகுதியில் மெல்லிய மண்ணும் முதுகில் தடித்த மண்ணும் பூசிக் காய்ச்சி, நீரில் தோய்த்துச் செய்வது. வாய் விரைந்து குளிர்ந்து கடினமாகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து நெகிழ்வோடு நிற்கும். இரண்டும் கூடும் எல்லையில் 'ஹமோன்' என்னும் அலைவரி தோன்றும். ஆலை எஃகு வாள்கள் பெரும்பாலும் எண்ணெயில் தோய்க்கப்பட்டவை. அவற்றின் வரியில் அவ்வுயிர்ப்பு இராது.

முந்நூறு ஆண்டு என்று எண்ணிய வாள் நம் பெற்றோர் காலத்தது ஆயிற்று. கவிஞரின் முகம் வாடியது. நன்பன் இரும்பைத் தேடிய என் ஆவலும் அங்கே அடங்கிற்று.

துருவின் சான்று

எனினும் இந்நிலையில்தான் வாளின் உண்மை வரலாறு தொடங்குகிறது என்று நான் அவரிடம் கூறினேன். நகாகோவின் துருவை நோக்குக. அலகின்மேல் செந்துரு படிந்திருப்பது பரணின் ஈரத்தால் வந்தது. நகாகோவின் துருவோ கருமையேறிப் படிந்தது. அது காலத்தின் கையெழுத்து. துருவின் நிறத்தையும் ஆழத்தையும் கொண்டே அறிஞர் வாளின் வயதைக் கணிப்பர். போலிக் கையொப்பத்தையும் பிடிப்பர். ஆகவே நகாகோவைத் தேய்த்தல், அமிலத்தில் கழுவுதல் ஆகியன ஜப்பானிய மரபில் பெரும்பிழையாகக் கருதப்படும்.

அலகைத் தீட்டுவதும் எவரும் செய்யத்தக்க வேலையன்று. தீட்டுநர் பல ஆண்டுகள் ஆசானிடம் பயின்று, பருங்கல்லிலிருந்து நுண்கல் வரை படிப்படியாக, நீர்விட்டுக் கையால் தீட்டுவர். ஒவ்வொரு தீட்டலிலும் எஃகு தேய்ந்து குறையும். ஆதலின் தேவையின்றித் தீட்டுதல் அங்கும் வழக்கமன்று. உப்புத்தாளும் சுழல்கல்லும் அலகின் கோடுகளை மழுக்கி அலைவரியையும் அழித்துவிடும். நம் பட்டறைக்காரர் தேய்த்த ஒரு சாண் அளவு இனி மீளாது. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. கேட்டதைச் செய்தார், கேட்டவர்கள் நாம்.

இங்கே எனக்கு நினைவுக்கு வந்தவர் உ.வே. சாமிநாதையர். 1894இல் புறநானூற்றை அச்சேற்றியபோது செல்லரித்த ஏடுகளில் அவர் கண்ட சிதைவுகள் பல. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை. யாப்பறிந்த புலவராகிய அவர்க்கு விடுபட்ட அடிகளைத் தாமே நிரப்புதல் அரிதன்று. ஆயினும் அவர் புள்ளிகளை இட்டு அவ்விடங்களை வெறுமையாகவே விட்டார். அந்தப் புள்ளிகளை நாம் நம்புவதனால்தான் ஏனைய அடிகளையும் நம்புகிறோம். துருவை மாற்றிப் பளபளப்பை ஏற்றுவது புள்ளிகளை அழித்துச் சொந்தச் சொற்களால் நிரப்புவதை ஒக்கும்.

அப்படியாயின் பழுதுபார்த்தல் என்பதுதான் யாது? மேலும் கெடாமல் நிறுத்துதலே. நாம் செய்தது இவ்வளவே: அலகை மெல்லிய துணியால் துடைத்தோம், கிராம்பு எண்ணெய் சிறிது கலந்த தாது எண்ணெயை மெல்லிதாகப் பூசிச் செந்துரு பரவாமல் தடுத்தோம். விரல் படாமல் பிடித்தோம். வியர்வையின் உப்பு ஓர் இரவில் துருவை விளைவிக்கும். நகாகோவை அப்படியே விட்டோம். நைந்த நாடாவைப் புதிதாகச் சுற்றவில்லை. பழைய மூங்கில் ஆணியையே மீண்டும் பொருத்தினோம். இத்தகைய வாள் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டது. எனவே முறையான இடத்தில் தெரிவித்து வைப்பதே நன்று என்றும் கவிஞரிடம் கூறினோம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருளையே தொல்பொருள் என ஏற்கும். 1942இன் வாள் அத்தகுதி பெற 2042 வரை காத்திருத்தல் வேண்டும். அதுவரை அதனைக் காப்பது சட்டமன்று, நம் மனமே.

வாள் கண்ட மனிதர்

இனி மூத்தவரின் துயருக்கு வருவோம். 1942இல் அவ்வாளைக் கொல்லர் செய்தபோது ஜப்பானியப் படை மலாயாவையும் பர்மாவையும் கைப்பற்றிவிட்டது. அவ்வாண்டிலேயே சயாமின் பான்பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை தொடங்கப்பெற்று, 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் உழைத்தனர். அவருள் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளரோ எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களை வாரிக்கொண்டன. அவர்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை. இடுப்பில் வாள் தொங்க நின்ற அதிகாரியின் உருவமே மீண்டவர்களின் நினைவில் தங்கியது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் மலேசியத் தமிழில் அத்துயரை எழுத்தாக்கியது. இந்தப் பத்தாண்டில்தான் காஞ்சனபுரியில் அத்தமிழர்க்கென ஒரு நடுகல் எழுந்தது. நடுகற்களின் நாடாகிய தருமபுரியில் வாழும் நமக்கு அச்செய்தி நெஞ்சைத் தொடுவது.

அதே வாளுக்கு மறுமுகமும் உண்டு. அதே மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞரும் இளம்பெண்களும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் மிகுதியும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே. அவ்விராணுவம் உருவாகத் துணைநின்ற ஜப்பானிய அதிகாரி புஜிவாரா, நேதாஜியின் வாள் ஒன்றை 1967இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். ஒரு குடும்பத்தில் தமையன் ரயில்பாதையில் மடியத் தங்கை துப்பாக்கி ஏந்திப் பர்மாவுக்குச் செல்லக்கூடிய காலம் அது. அதனை ஒற்றை வரியில் தீர்ப்பெழுத எவராலும் இயலாது.

1945 செப்டம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் தளபதி இத்தகாகி சரணடைவு ஆவணத்தில் ஒப்பமிட்டார். ஜப்பானிய அதிகாரிகள் தம் வாள்களை நேரில் ஒப்படைத்தல் வேண்டும் என்பது மவுண்ட்பேட்டனின் ஆணை. கோலாலம்பூரில் இந்தியப் படையின் 25ஆம் பிரிவினர் முன்னிலையில் அதிகாரிகள் வரிசையாக வந்து வாள்களைத் தரையில் கிடத்தும் நிழற்படம் இன்றும் உள்ளது. அவ்வாறு கீழே வைக்கப்பட்ட வாள்கள் பல நினைவுப் பொருள்களாகப் படைவீரரோடு உலகெங்கும் பரவின.

ஜப்பானிலும் வெற்றி பெற்ற படையினர் வாள்களைப் பறிமுதல் செய்தனர். கலைவாள் வேறு, படைவாள் வேறு என்று எடுத்துரைத்து அறிஞர் ஹோம்மா ஜுன்ஜி முதலியோர் போராடினர். டோக்கியோவின் அகபனே கிடங்கில் குவிந்தவற்றுள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை 1947இல் தேசிய அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன. மரபு முறையில் செய்யப்பட்ட வாளையே அந்நாடு பதிவு செய்து வைத்துக்கொள்ள இசைகிறது. ஆலை எஃகில் செய்த படைவாளுக்கு அவ்வுரிமை இல்லை. அங்கே கிடைத்தால் அது அழிக்கப்படும். ஆகவே நம் கவிஞரின் பரணில் கிடந்த வாள் தான் பிறந்த நாட்டில் வாழ இயலாதது. கலையாக அன்று, சான்றாக மட்டுமே அது எஞ்சியிருக்கிறது.

மேடையில் வைத்த விதம்

இவற்றையெல்லாம் அடுத்த கூட்டத்தில் எடுத்துரைத்தேன். மூத்தவர் இறுதிவரை கேட்டிருந்தார். பின் எழுந்து, "தேய்க்காமல் வைப்பதானால் வையுங்கள். மாலை மட்டும் போடாதீர்கள்" என்றார். கவிஞரும் இசைந்தார்.

அவ்வாறே ஆண்டுவிழா நாளில் அவ்வாள் மேடையில் அன்றி, வாயிலருகே வெள்ளைத் துணி விரித்த மேசையில், உறைக்கு வெளியே கிடத்தப்பட்டது. அருகே ஓர் அட்டை. செய்த ஆண்டு 1942, ஆலை எஃகு, அதிகாரியின் படைவாள், பர்மா முனையிலிருந்து மீண்ட படைவீரர் ஒருவர் கொண்டுவந்தது என நான்கு வரிகள். அணிந்தவர் பெயர் என்னுமிடத்தில் புள்ளிகள் இட்டோம். அதன்கீழ் மூத்தவர் தம் கையால் தம் பெரியப்பாவின் பெயரை எழுதினார். இறந்த இடம், இறந்த நாள் என்று எழுதி அவற்றின் எதிரே அவரும் புள்ளிகளே இட்டார்.

அன்று அவ்வட்டையைப் படித்தவர் பலர் வாளைவிட அதையே நெடுநேரம் நோக்கி நின்றதைக் கண்டேன். நம் வீடுகளின் பரண்களில் இன்னும் எத்தனையோ வாள்களும் பதக்கங்களும் கடிதங்களும் ஜப்பானிய நாணயத்தாள்களும் கிடத்தல் கூடும். அவற்றைத் துலக்குமுன் படிப்பதும், படித்ததை எழுதி வைப்பதும், அறியாததற்குப் புள்ளியிட்டு விடுவதும் இலக்கிய வட்டத்தார்க்குரிய பணியே. அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் இப்பணியையும் மேற்கொள்ளுமாயின், தொண்டைமானின் கொட்டிலில் நின்று ஒளவையார் கற்பித்த பாடத்தை அவர் தூது புறப்பட்ட மண்ணிலேயே நாம் படித்தவர்கள் ஆவோம்.